புது டிவி வாங்கணுமா, ஸ்டிக் மாட்டினா போதுமா? காசு கொடுக்கும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை! | டெக் கார்னர்

ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு வாங்கிய ஸ்மார்ட் டிவி. படம் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது. சத்தத்திலும் குறையில்லை. ஆனால் யூடியூபைத் தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. புதிதாக ஓர் ஆப் போடலாம் என்றால், 'இடம் இல்லை' என்கிறது. "பேசாம புது டிவியே வாங்கிடலாமா?" என்ற பேச்சு வீட்டில் அப்போதுதான் ஆரம்பிக்கும். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்த பிறகு, அந்த ஆசை இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

அவசரப்பட வேண்டாம். திரை நன்றாக இருக்கும் டிவிக்கு, ஹெச்டிஎம்ஐ துளையில் செருகும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் அல்லது பாக்ஸே போதும். சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும். ஆனால் எந்த ஸ்டிக் என்பதைக் கடையில் போய் முடிவு செய்தால் பணம் வீணாகும் வாய்ப்பு அதிகம். முதலில் வீட்டில் பார்க்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன.

நல்ல டிவி ஏன் மெதுவாகிறது?

ஸ்மார்ட் டிவி என்பது ஒரு திரையும், அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டரும் சேர்ந்தது. திரை பத்து வருஷம்கூட உழைக்கும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு அத்தனை ஆயுள் கிடையாது. பட்ஜெட் டிவிகளில் 1 ஜிபி ரேம், 8 ஜிபி ஸ்டோரேஜ்தான் இருக்கும். ஆப்களோ ஒவ்வொரு அப்டேட்டிலும் பெருத்துக்கொண்டே போகின்றன. ஒரு கட்டத்தில் ஆப் நிறுவனங்களே பழைய டிவிகளைக் கைவிட்டுவிடும். 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ், சில பழைய சாம்சங் டிவிகளிலும் ரோக்கு பாக்ஸ்களிலும் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது.

ஸ்டிக் மாட்டினால், அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் மாற்றியதாக அர்த்தம். அதுவும் சாகாவரம் பெற்றதில்லை. கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் 2015-ல் வந்தது. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால், 2025 மார்ச்சில் உலகம் முழுக்க அந்த மாடல் திடீரென்று முடங்கியது. கூகுள் சரிசெய்து கொடுக்கும் வரை பயனாளர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் ஸ்டிக்குக்கு நான்கைந்து வருஷம் ஆயுள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதற்கேற்ற விலையில் வாங்குவது நல்லது. ரேம் 2 ஜிபி இருந்தால் 1 ஜிபியைவிடக் கூடுதல் காலம் சிரமமில்லாமல் ஓடும்.

முதல் வேலை: டிவியின் பின்பக்கம் பாருங்கள்

டிவியைக் கொஞ்சம் திருப்பி, டார்ச் அடித்து, பின்னால் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்று பாருங்கள். அதை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், கடையில் பேச வசதியாக இருக்கும்.

* ஹெச்டிஎம்ஐ காலியாக இருக்கிறதா? செட்டாப் பாக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கும். சவுண்ட்பார் இருந்தால் 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கும் துளையை அது பிடித்திருக்கும். மீதி ஒன்றாவது வேண்டும்.

* சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் மட்டும்தானா? தமிழ்நாடு அரசு 2006 முதல் கொடுத்த இலவச கலர் டிவி இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஹெச்டிஎம்ஐ கிடையாது. 'ஹெச்டிஎம்ஐ டு ஏவி' கன்வெர்ட்டர் போட்டு ஸ்டிக்கை இணைக்க முடியும். ஆனால் மெனு எழுத்துகள் மங்கலாகத் தெரியும். காப்பி தடுப்புப் பாதுகாப்பு காரணமாக சில ஆப்களில் படமே வராமலும் போகலாம். அந்த வீட்டுக்கு ஸ்டிக்கைவிட ஒரு சிறிய புது டிவிதான் புத்திசாலித்தனம்.

* டிவி 4கே-வா, ஃபுல் ஹெச்டியா? ஃபுல் ஹெச்டி டிவியில் 4கே ஸ்டிக் மாட்டினாலும் படம் ஃபுல் ஹெச்டியாகத்தான் தெரியும். ஆனாலும் 4கே மாடல்களில் பிராசஸரும் ரேமும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால் வாங்கலாம். 'படம் தெளிவாக வரும்' என்று நினைத்து வாங்க வேண்டாம்.

* பிளக் பாயின்ட் இருக்கிறதா? ஸ்டிக்குக்கு மின்சாரம் வேண்டும். டிவியின் யூஎஸ்பி துளையிலேயே செருகிவிடலாம் என்று பலர் நினைப்பார்கள். அதில் வரும் மின்சாரம் பல டிவிகளில் போதாது. ஸ்டிக் அடிக்கடி ஆஃப் ஆகி ஆன் ஆகும். கூடவே வரும் அடாப்டரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

யார், எதைப் பார்க்கிறார்கள்?

ஒரு பேப்பரை எடுத்து, வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தினமும் பார்ப்பதை எழுதுங்கள். பாட்டிக்கு ராத்திரி சீரியல், அப்பாவுக்கு நியூஸ், பிள்ளைகளுக்குக் கார்ட்டூனும் கிரிக்கெட்டும். இனி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆப் பெயரை எழுதுங்கள்.

சன் டிவி, கே டிவி என்றால் சன் நெக்ஸ்ட். விஜய் டிவி என்றால் ஜியோ ஹாட்ஸ்டார். ஜீ தமிழ் என்றால் ஜீ5. தமிழ் நியூஸ் சேனல்கள் பல யூடியூபிலேயே லைவாக வருகின்றன. டிடி தமிழ் பார்ப்பவர்களுக்கு பிரசார் பாரதியின் வேவ்ஸ் ஆப் இருக்கிறது. இப்படிப் பார்த்தால், கேபிளில் ஒரே ரிமோட்டில் வந்ததை எல்லாம் ஓடிடியில் பார்க்க மூன்று, நான்கு சந்தா தேவைப்படும் என்பது தெரியவரும். அந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, 'கேபிளை கட் பண்ணலாமா' என்று முடிவெடுங்கள். சீரியலை நேரத்துக்குப் பார்க்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கேபிளோ டிடிஹெச்சோ தொடர்ந்து இருப்பதே லாபமாக அமையலாம்.

சந்தாவில் இன்னொரு வலை இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸில் மாதம் 149 ரூபாய் பிளான் போன், டேப்லெட்டுக்கு மட்டும்தான். டிவியில் ஓடாது. 199 ரூபாய் பிளானில் டிவியில் பார்க்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஸ்கிரீன், தரம் 720பி. ஃபுல் ஹெச்டிக்கு 499 ரூபாய், 4கே வேண்டுமென்றால் 649 ரூபாய். 199 ரூபாய் பிளான் வைத்துக்கொண்டு 4கே டிவி, 4கே ஸ்டிக் என்று எத்தனை செலவு செய்தாலும் வருவது 720பி-தான்.

மொபைல் ரீசார்ஜுடன் இலவசமாக வரும் ஓடிடி சந்தாவும் அப்படித்தான். சிலவற்றில் டிவியும் சேர்த்தி. சிலவற்றில் போனில் மட்டும். ரீசார்ஜ் விவரத்தில் 'மொபைல்' என்று மட்டும் போட்டிருந்தால், அதை நம்பி ஸ்டிக் வாங்க வேண்டாம். "போன்லேருந்து டிவிக்கு காஸ்ட் பண்ணிக்கலாமே" என்பதும் இப்போது உறுதியில்லை. ரிமோட்டுடன் வரும் பெரும்பாலான ஸ்டிக்குகளுக்கும் டிவிகளுக்கும் காஸ்ட் செய்யும் வசதியை நெட்ஃபிளிக்ஸ் 2025 இறுதியில் எடுத்துவிட்டது.

நெட் தாங்குமா? ஒரு சின்னக் கணக்கு

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவுப்படி ஃபுல் ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் தேவை. இப்போதைய ஃபைபர் இணைப்புகள் எல்லாவற்றிலும் இது கிடைத்துவிடும். டேட்டாதான் கவனிக்க வேண்டியது. ஹெச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை, 4கே-வில் 7 ஜிபி வரை செலவாகும்.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: தினம் 2 ஜிபி பிளானில், ஹெச்டி படம் 40 நிமிஷத்தில் டேட்டாவைத் தின்றுவிடும். இடைவேளை வருவதற்குள் நெட் தீர்ந்துவிடும். ஃபைபரில் அந்தக் கவலை இல்லை. பல பிளான்களில் மாதம் 3.3 டிபி, அதாவது 3,300 ஜிபி கிடைக்கிறது. ஹெச்டியில் 1,100 மணி நேரம். ஒரு மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம்தான்.

அதனால் வீட்டில் பிராட்பேண்ட் இல்லை என்றால், ஸ்டிக்கின் விலையோடு மாதாமாதம் வரும் பிராட்பேண்ட் பில்லையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முன் அறையில் ரவுட்டர், இரண்டு சுவர் தாண்டி டிவி என்றால், வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் அங்கே போய்ச் சேரும்போது தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. ஸ்டிக் டிவிக்குப் பின்னால் சுவரை ஒட்டி மறைந்திருப்பதால் சிக்னல் மேலும் குறையும். பாக்கெட்டுக்குள் இருக்கும் குட்டி ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரைப் பலர் பிரிக்காமலே வைத்துவிடுகிறார்கள். அதைப் போட்டு ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே தொங்கவிட்டாலே பல வீடுகளில் 'பஃபரிங்' குறைந்துவிடும்.

கடையில் என்னென்ன இருக்கின்றன?

அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக்: இந்தியாவில் 2017 ஏப்ரலில் 3,999 ரூபாய்க்கு அறிமுகமானது. இன்று பல மாடல்களில் கிடைக்கிறது. ரிமோட்டிலேயே டிவியின் வால்யூம், பவர் பட்டன்கள் இருப்பது பெரிய வசதி. ஹோம் ஸ்கிரீன் முழுக்க அமேசானின் படங்களும் விளம்பரங்களும்தான் முன்னால் நிற்கும். ஆப்களை அமேசானின் ஆப் ஸ்டோரில் இருந்துதான் எடுக்க வேண்டும். 2025-ல் வந்த '4கே செலக்ட்' மாடலில் ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக 'வேகா' என்ற புது ஓஎஸ். அதை வாங்குபவர்கள், தங்களுக்குத் தேவையான தமிழ் ஆப்கள் எல்லாம் அதில் கிடைக்கின்றனவா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி ஸ்டிக்குகள்: ஷாவ்மி போன்ற நிறுவனங்களின் ஸ்டிக்குகள் இந்த வகை. பிளே ஸ்டோர் இருப்பதால் ஆப்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு மெனு பழகியதுபோல இருக்கும். குரோம்காஸ்ட் வரிசையை 2024 ஆகஸ்ட்டில் கூகுள் முடித்துக்கொண்டது. இன்னும் எங்காவது பழைய ஸ்டாக் 'ஆஃபர்' என்று வந்தால், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் டிவி 4கே: 2022 மாடல் இந்தியாவில் 14,900 ரூபாய் விலையில் அறிமுகமானது. வேகம், படத்தரம் இரண்டிலும் குறை சொல்ல முடியாது. ஐபோன், ஐபேட் என்று வீடு முழுக்க ஆப்பிள் இருந்தால் யோசிக்கலாம். சீரியலும் யூடியூபும் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு இந்த விலை தேவையில்லை.

நெட், டிடிஹெச் நிறுவனங்கள் தரும் பாக்ஸ்: ஜியோ, ஏர்டெல், டாடா பிளே போன்ற நிறுவனங்கள் கொடுப்பவை. சில பாக்ஸ்களில் சேனலும் ஆப்பும் ஒரே ரிமோட்டில் வந்துவிடும். பெரியவர்களுக்கு இதுதான் எளிது. பிளானோடு சேர்த்துக் கொடுத்தால் தனியாக ஸ்டிக் வாங்கும் செலவும் மிச்சம். ஆனால் பாக்ஸ் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொத்து. இணைப்பை மாற்றினால் திருப்பித்தர வேண்டியிருக்கும். டெபாசிட் எவ்வளவு, திரும்ப வருமா என்று முதலிலேயே கேட்டு, ரசீது வாங்கி வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தது: அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர், அங்கே பிரபலமான ரோக்குவை அன்பளிப்பாகக் கொண்டுவரலாம். ரோக்கு இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படுவதில்லை. ஏதாவது ஆனால் இங்கே வாரன்டியும் கிடையாது, சர்வீஸும் கிடையாது. "அது வேணாம், வேற ஏதாவது வாங்கிட்டு வாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

'எல்லா படமும் ஃப்ரீ' பாக்ஸ்: தொடவே வேண்டாம்

ஆன்லைனிலும் எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளிலும் பெயர் தெரியாத 'ஆண்ட்ராய்டு பாக்ஸ்'கள் மலிவாகக் கிடைக்கின்றன. "சந்தாவே வேண்டாம், புதுப்படம் உட்பட எல்லாமே வரும்" என்பதுதான் விற்பனைப் பேச்சு. இங்கேதான் குடும்பங்கள் பெரிதாக மாட்டிக்கொள்கின்றன.

'டி95' என்ற பெயரில் விற்கப்பட்ட ஒரு பாக்ஸில், பெட்டியைப் பிரிக்கும்போதே வைரஸ் இருந்ததை 2023 ஜனவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தினார். தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் இது ஒரு பெரிய வலைப்பின்னல் என்பது தெரியவந்தது. 'பேட்பாக்ஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, இத்தகைய பாக்ஸ்கள் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதமே கூகுள், இதை நடத்துபவர்கள் மீது நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சான்றிதழ் இல்லாத கருவிகள் இந்த வலையில் சிக்கியிருப்பதாக அந்த வழக்கில் சொல்லப்பட்டது.

இந்த வைரஸ் என்ன செய்யும்? நீங்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் கள்ளத்தனமாக விளம்பரங்களை கிளிக் செய்துகொண்டிருக்கும். அதைவிட மோசமானது, உங்கள் வீட்டு நெட்டை முன்பின் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடுவது. எங்கோ இருப்பவர் செய்யும் மோசடி, உங்கள் வீட்டு ஐபி முகவரியிலிருந்து போனதாகத்தான் பதிவாகும். விசாரணை என்று வந்தால் முதலில் தட்டப்படுவது அந்த இணைப்பை வைத்திருப்பவரின் கதவு. அதே வைஃபையில்தான் வீட்டில் உள்ளவர்களின் போன்களும் பேங்க் ஆப்களும் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்படி ஒரு பாக்ஸ் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? பிளே ஸ்டோரின் செட்டிங்ஸுக்குள் 'பிளே புரொடெக்ட்' சான்றிதழ் பெற்றது என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பிளே ஸ்டோரே இல்லாமல் வேறு ஏதோ ஆப் மார்க்கெட் இருந்தாலோ, 'பிளே புரொடெக்டை ஆஃப் செய்யுங்கள்' என்று கேட்டாலோ, உடனே நெட்டிலிருந்து துண்டித்துவிடுங்கள். இன்னொரு அடையாளம்: சான்றிதழ் இல்லாத பாக்ஸ்களில் நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்கள் ஓடினாலும் படம் ஹெச்டியில் வராது. 4கே என்று அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும், திரையில் 480பி ஓடும்.

பாட்டியின் கையில் கொடுத்துப் பாருங்கள்

ஸ்டிக்கைத் தேர்வு செய்வது வீட்டில் இருக்கும் இளையவர். அதிக நேரம் டிவி முன் உட்காருவதோ பெரியவர்கள். பல வீடுகளில் ஸ்டிக் வந்த பிறகு, "அந்த சேனலை வச்சிட்டுப் போடா" என்று பேரனை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலை அவர்களுக்கு வந்துவிடுகிறது. பேரன் வேலைக்குப் போன பின் டிவி அணைந்தே கிடக்கும்.

இதைத் தவிர்க்க, டிவி செட்டிங்ஸில் 'ஹெச்டிஎம்ஐ சிஇசி' வசதியை ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', சோனியில் 'பிராவியா சிங்க்', எல்ஜியில் 'சிம்ப்ளிங்க்' என்று பெயர் மாறும். இது ஆனில் இருந்தால் ஸ்டிக் ரிமோட்டை அழுத்தியதும் டிவியும் ஆன் ஆகி, சரியான இன்புட்டுக்கே போய் நிற்கும். பெரியவர்கள் பார்க்கும் இரண்டு, மூன்று ஆப்களை முதல் வரிசைக்கு நகர்த்திவிடுங்கள். குரலில் தேடும் வசதி இருந்தால், அவர்கள் வாயாலேயே சேனல் பெயரையும் படத்தின் பெயரையும் சொல்ல வைத்துச் சோதியுங்கள். தமிழ்ப் பெயரை அது புரிந்துகொள்ளவில்லை என்றால், விளம்பரத்தில் சொன்ன அந்த வசதி உங்கள் வீட்டுக்குப் பயன்படாது.

மாட்டும் நாளில் மறக்கக் கூடாதவை

* ஆக்டிவேஷனுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. திரையில் வரும் கோடை அந்தந்த ஆப் சொல்லும் தளத்தில் மட்டும் போடுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கும் எண்ணை அழைத்து ஓடிபி சொல்வதோ, ஸ்கிரீன் ஷேரிங் ஆப் போடுவதோ கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

* வாடகைக்குப் படம் எடுக்கும் வசதிக்கும் புது ஆப் வாங்கும் வசதிக்கும் 'பின்' போடுங்கள். குழந்தைகள் தெரியாமல் அழுத்தினாலும் பணம் போகாது.

* குழந்தைகளுக்குத் தனி புரொஃபைல். டிவியில் ஓடுவது வீட்டில் எல்லோர் காதிலும் விழும்.

* யுபிஐ ஆட்டோபே பட்டியலை மாதம் ஒரு முறை பாருங்கள். ஒரே ஒரு தொடருக்காகச் சேர்ந்த சந்தா, தொடர் முடிந்த பிறகும் பணம் எடுத்துக்கொண்டிருக்கும்.

* பழைய ஸ்டிக்கை யாருக்காவது கொடுக்கும் முன், கணக்கை நீக்கி 'ஃபேக்டரி ரீசெட்' செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் கணக்கும் சேர்ந்தே போய்விடும்.

எந்த வீட்டுக்கு எது?

புதிதாக ஃபைபர் இணைப்பு எடுக்கப்போகும் வீடு என்றால், முதலில் அந்த நிறுவனம் பாக்ஸ் தருகிறதா என்று கேளுங்கள். தந்தால் ஆறு மாதம் அதையே பயன்படுத்திப் பாருங்கள். நெட் ஏற்கெனவே இருக்கிறது, டிவி மட்டும் மெதுவாகிவிட்டது என்றால், சான்றிதழ் பெற்ற, ரிமோட்டுடன் வரும் 4கே ஸ்டிக் போதும். சீரியலும் நியூஸும்தான் முக்கியம் என்றால், கேபிளை வைத்துக்கொண்டு விலை குறைந்த ஹெச்டி ஸ்டிக் வாங்கலாம். பிராட்பேண்டே இல்லாத வீட்டில், ஸ்டிக் வாங்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

எதை வாங்கினாலும் பில்லும் அட்டைப்பெட்டியும் பத்திரமாக இருக்கட்டும். பொருளைத் திருப்பித்தரும் கெடு முடிவதற்குள், பேப்பரில் எழுதிய அத்தனை ஆப்களையும் ஒரு முறையாவது ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று ஓடவில்லை என்றால், தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.